பழைய நன்கொடையாளர்கள் ஏன் வேறு இல்லத்துக்குப் போகிறார்கள்?

அஸ்தம்பட்டி_பொருளாளர்:
சேலத்தில் சிறிய முதியோர் இல்லம். 2023-24ல் கொடுத்த 212 பேரில் அடுத்த வருஷம் திரும்பக் கொடுத்தது 89 பேர்தான். பலர் இப்போது வேறு இல்லத்துக்குக் கொடுக்கிறார்களாம். சோறு, மருந்தில் குறையில்லை. எங்கே ஓட்டை?

பேரேடு:
42 சதவீதம். ஆனா மொத்தமா பார்க்காதீங்க சார். முதல் தடவை கொடுத்தவங்க, பல வருஷமா கொடுக்கறவங்க, வங்கியில தானா பிடிக்கிற மாதச் சந்தாக்காரங்கன்னு பிரிங்க. சந்தாவுல ஆள் குறைஞ்சா மனசு மாறினதா இருக்காது. கார்டு காலாவதி ஆகியிருக்கும், இல்ல கணக்குல இருப்பு இருந்திருக்காது. பணம் பிடிக்க முடியாம திரும்பினா வங்கி அவங்ககிட்ட அபராதம் போடும், எரிச்சல் உங்க மேல வரும். திரும்பின அன்னைக்கே போன் போடுங்க.

இன்னொண்ணு, 80ஜி, அதாவது நன்கொடை கொடுத்தவங்களுக்கு வருமான வரியில கிடைக்கிற கழிவு. 2021-22ல இருந்து வெறும் ரசீது போதாது. யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு காட்டுற 10பிடி அறிக்கையை வருமான வரித்துறையில தாக்கல் பண்ணி, மே 31க்குள்ள கொடுத்தவங்களுக்கு 10பிஇ சான்றிதழ் கொடுத்திருக்கணும். தாமதமானா நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினா கழிவே கிடையாது, இதை வாங்கும்போதே சொல்லிடணும். (புது வரி முறைக்குப் போனவங்களுக்கு இந்தக் கழிவே இல்ல. அவங்ககிட்ட 80ஜி பேசறது வீண்.)

கொலுசுப்பட்டறை:
ஆடியில கேட்டீங்களா? முகூர்த்தம் கிடையாது, பட்டறையில வேலை மந்தம். போதாததுக்குத் தெருவுக்குத் தெரு மாரியம்மன் பண்டிகை வரி வேற.

ஐந்துரோடு_வாசி:
எனக்குத் திதிச் சாப்பாட்டு மேலதான் சந்தேகம். அப்பா திதிக்கு ஒரு வேளைச் சோறு போடறவருக்குத் தேதியை எப்படிக் குறிச்சு வெச்சிருக்கீங்க? இங்கிலீஷ் தேதின்னா தப்பு. திதி அடுத்த வருஷம் ஏறக்குறைய 11 நாள் முன்னாடி வரும். அது தமிழ் மாசத்தைத் தாண்டிப் போனா, 18, 19 நாள் பின்னாடி வரும். உங்க நினைவூட்டல் போறதுக்குள்ள திதி முடிஞ்சிருக்கும். இல்ல, அந்த நாளை வேற ஆளுக்குக் கொடுத்திருப்பீங்க. அவரு பக்கத்து இல்லத்துல போடுவாரு, அடுத்த வருஷம் அவங்களே கூப்பிடுவாங்க. தமிழ் மாசம், பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி மூணையும் எழுதி வாங்குங்க. சித்திரையில புதுப் பஞ்சாங்கம் வந்ததும் வருஷத்துக்கும் தேதி போட்டு, 20 நாள் முன்னாடி கூப்பிடுங்க. சோறு போட்ட அன்னைக்கே பந்திப் படம் ஒண்ணு வாட்ஸ்அப்பில போகணும், அதோடயே அடுத்த உதவி கேட்கக் கூடாது.

அஸ்தம்பட்டி_பொருளாளர்:
எக்செல்லில் பிறந்தநாள், திதி எல்லாமே ஒரே கட்டத்தில், இங்கிலீஷ் தேதியாகத்தான் இருக்கிறது. விட்டுப்போன 123 பேரில் திதிக்காரர்களை முதலில் தனியாக எடுக்கிறேன்.