நேரோபோட்டில் ஒரு வாரம்: ரெண்டே பேரால் லாக் கடக்க முடியுமா?

கேள்வி: தண்டையார்பேட்டை_வாசி

வர்ற மே மாசம் மகளைப் பாக்க இங்கிலாந்து போறோம். அங்க ஒரு வாரம் நேரோபோட் (ஒடுக்கமான நீளக் கால்வாய்ப் படகு) வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைச்சுத் தங்கி, கால்வாய் வழியா ஊர் பாக்கணும்னு ஆசை. எனக்கு 57, வீட்டுக்காரருக்கு 62, அவருக்கு முட்டி வலி. ஃபோர் கவுன்டீஸ் ரிங்னு ஒரு சுத்து சொல்றாங்க, சரி வருமா? லைசென்ஸ் வேணுமா? லாக்ல, அதாவது படகை மேல ஏத்தி இறக்க ரெண்டு பக்கமும் கதவு போட்ட தண்ணித் தொட்டியில, எது ஆபத்து? கதவு வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ ஓட்டுன்னு அவர் சொல்றார். நம்ம பக்கிங்காம் கால்வாயிலயும் லாக் இருந்ததே, பேசின் பிரிட்ஜ்ல ஏறிப் பழவேற்காடு வரைக்கும் போய்ப் பழகிப் பாக்க வழி உண்டா?

பதில் 1: கொருக்குப்பேட்டை_ஃபிட்டர்

வாடகைப் படகுக்கு லைசென்ஸ் வேணாம். படகைக் கையில கொடுக்கும்போது ஓட்டக் கத்துக் கொடுப்பாங்க. முதல் லாக்குக்கும் கூட வர முடியுமான்னு கேளுங்கம்மா, வெக்கப்படாதீங்க.

தூரத்தை மட்டும் பாக்காம லாக்கையும் எண்ணுங்க. மைலையும் லாக்கையும் கூட்டி 3ஆல வகுத்தா, ஓட்ட வேண்டிய மணி நேரம் வரும். 9 மைல், 6 லாக்னா 5 மணி நேரம். நீங்க சொல்ற சுத்து 110 மைல், 94 லாக். வகுத்தா 68 மணி. ஏழு நாள்ல முடிக்க தினம் பத்து மணி நேரம் நிக்கணும். முட்டி வலி இருக்கிறவங்களுக்கு அது வேணவே வேணாம்.

வேல்ஸ் பக்கம் இருக்கிற லாங்கோலன் கால்வாய்க்குப் போங்க. எல்ஸ்மியர் பக்கம் ஏறினா லாங்கோலன் ஊர் வரைக்கும் நியூ மார்ட்டன்ல ரெண்டே லாக். வழியில பொன்ட்கசில்தே தொட்டிப்பாலம். 1805ல திறந்தது, 307 மீட்டர் நீளம், ஆத்துக்கு மேல 38 மீட்டர் உயரம். இரும்புத் தொட்டியில தண்ணி, அதுல படகு. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் இருக்கும், மறுபக்கம் ஒண்ணுமே இருக்காது. அந்தப் பக்கம் எட்டிப் பாக்க வேணாம். லாங்கோலன் நோக்கிப் போகும்போது தண்ணி எதிர்த்து வரும், வழியும் ஒடுக்கம், ஆழம் கம்மி. படகு நகராத மாதிரி தெரியும். ஆக்சிலேட்டரை ஏத்தினா பின்பக்கம் தரையில உக்காந்து இன்னும் மெதுவாகும். குறைச்சு வச்சுப் போங்க.

பதில் 2: காசிமேடு_டீசல்

லாக்ல யாருக்கு எந்த வேலைங்கிறதை மாத்துங்க. சுக்கானுக்குப் பலம் வேணாம். கதவைத் தள்ளத்தான் முதுகும் காலும் வேணும், ஏறி இறங்கவும் வேணும். முட்டி வலி உள்ளவர் சுக்கான்ல நிக்கட்டும், நீங்க கரையில இறங்குங்க. சும்மா தாண்டிக் குதிக்கக் கூடாது, படகு கரையை ஒட்டினப்புறம் கால் வச்சு இறங்கணும்.

மேல ஏறும்போது: லாக் தொட்டியில தண்ணி நிறைஞ்சிருந்தா, எதிர்ல படகு வருதான்னு முதல்ல பாருங்க. வந்தா அவங்களுக்கு வழி. இல்லேன்னா மேல் கதவும் அதோட ஷட்டரும் (தண்ணியைத் திறந்து விடுற சின்ன அடைப்பு) மூடியிருக்கான்னு பாத்துட்டு, கீழ் ஷட்டரைத் தூக்கித் தண்ணியை இறக்கணும். ரெண்டு பக்கமும் மட்டம் சமமானாத்தான் கதவு நகரும். ஒரு அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் அசையாது, மல்லுக்கட்டாதீங்க. படகு உள்ள வந்ததும் கீழ் கதவை மூடி, ஷட்டரை இறக்கி, மேல் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்குங்க. கரையில இருக்கிற ஷட்டர் முதல்ல. கதவுல இருக்கிறதை அது தண்ணிக்குள்ள மூழ்கினப்புறம்தான் தொடணும், இல்லேன்னா தண்ணி நேரா அணியத்து மேல, அதாவது படகோட முன்பக்கத்துல, கொட்டும்.

கீழ இறங்கும்போதுதான் பெரிய ஆபத்து. மேல் கதவுக்கு அடியில கல்லோ சிமெண்டோ கட்டின வாசற்படி மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கும், பேரு சில். தொட்டி நிறைஞ்சிருக்கும்போது தெரியாது. பக்கச் சுவர்ல கோடு போட்டிருப்பாங்க. படகோட பின்பக்கம், சுக்கான் உள்பட, அந்தக் கோட்டுக்கு முன்னாடியே நிக்கணும். சுக்கான் படியில உக்காந்துட்டா, தண்ணி இறங்க இறங்க முன்பக்கம் சாய்ஞ்சு படகு மூழ்கிடும். படகு சாயுதுன்னு பட்ட நிமிஷமே கீழ் ஷட்டரை மூடுங்க, அப்புறம் மேல் ஷட்டரை மெதுவாத் திறந்து தண்ணியை நிரப்புங்க. கயிறு கட்டியிருந்தாலும் படகு தொங்கிச் சாயும், அதனால இறங்கும்போது கயித்தைக் கரையில கட்டிப் போடவே கூடாது, சுத்திப் பிடிச்சு விட்டுக்கொடுக்கணும்.

ஷட்டர் தூக்குற எல் வடிவக் கைப்பிடியை மாட்டினபடியே விட்டுடக் கூடாது. பல்சக்கரத்துத் தடுப்பு நழுவினா அது சுழன்று மணிக்கட்டை உடைக்கும். தூக்கி முடிச்சதும் கழட்டிக் கையில வச்சுக்குங்க.

பதில் 3: எண்ணூர்_முகத்துவாரம்

பக்கிங்காம் கால்வாய் பத்திக் கேட்டீங்க. சென்னையிலேருந்து எண்ணூர் வரைக்கும் 1806லேயே படகு போச்சு. தாது வருஷப் பஞ்சத்துல நிவாரண வேலையாத்தான் கூவத்தையும் அடையாறையும் இணைச்சு வெட்டினாங்க. ஆனா இங்க லாக் கட்டினது மேடு ஏற இல்லை. ஆத்து முகத்துவாரத்துல கடல் ஏத்தமும் வத்தமும் மாறி மாறி வரும், அந்த ஏற்ற இறக்கத்துலயும் கால்வாய் மட்டம் நிலையா நிக்கணும்னு கட்டினது. இப்போ சாக்கடையும் ஆக்கிரமிப்பும் பறக்கும் ரயில் தூணும், எண்ணூர்ப் பக்கம் அனல்மின் சாம்பலும் சேர்ந்து வழியை அடைச்சாச்சு. பேசின் பிரிட்ஜ்ல ஏறிப் பழவேற்காடு போக முடியாது. இவ்வளவு நல்ல நீர்வழியை விட்டோமேன்னு வயிறு எரியுது.

இங்கிலாந்துல ஒரு லாக் தொட்டி ஏறக்குறைய 22 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் அகலம். 2.5 மீட்டர் ஏத்தம்னா ஒரு தடவைக்கு 1,15,000 லிட்டர் கீழ போகும். 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்பதரை. எதிர்ப்படகுக்குக் காத்திருக்கச் சொல்றது அந்தத் தண்ணிக்காகத்தான்.

சுக்கான் பழக்கத்துக்குக் காசிமேட்டுல ஃபைபர் போட்டைப் பாருங்க. அவுட்போர்டு (படகுக்குப் பின்னால வெளியில மாட்டின இன்ஜின்) பிடியை இடது பக்கம் தள்ளினா அணியம் வலது பக்கம் திரும்பும். நேரோபோட்டும் அப்படியேதான், ஆனா 57 அடி நீளம், நடுவுல ஊன்றித் திரும்பும். முன்பக்கத்தை மட்டும் பாத்தா பின்பக்கம் கரையில இடிக்கும். பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான். ரிவர்ஸ்ல சுக்கான் பேச்சுக் கேக்காது.

தண்டையார்பேட்டை_வாசி:

ரொம்ப நன்றி. லாங்கோலனே முடிவு. ப்ரொப்பெல்லர்ல துணி சுத்தினா என்ன செய்யணும்?

கொருக்குப்பேட்டை_ஃபிட்டர்:

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து ஒருத்தர் பையில போட்டுக்குங்க. பின்னால வீட் ஹாட்ச்னு ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்து கையை விட்டு அறுத்து எடுக்கலாம். கத்தியும் கனமான கையுறையும் வேணும். திரும்ப மூடும்போது மூடி சரியா உக்காந்து இறுகினதான்னு ரெண்டு பேரும் பாருங்க. லூசா இருந்தா, கியர் போட்டதும் ப்ரொப்பெல்லர் தள்ளுற தண்ணி இன்ஜின் அறைக்குள்ள ஏறிப் படகையே மூழ்கடிச்சிடும்.