எரிப்புக் கழிப்பறைக்கு வெளியிலிருந்து ஆற்றல் தேவையா?

கொதிகலன்:
இந்த மன்றத்தில் மலைக்குடில்கள் பற்றிய இழையில் உறுப்பினர் பனிக்குடில் நேற்று எழுதிய ஒரு வரியை அப்படியே விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. ஆகவே இந்த இழையைத் தனியாகத் தொடங்குகிறேன். "மனித மலமே எரிபொருள்தான், தண்ணீரில்லாத எரிப்புக் கழிப்பறை மின்சாரம் கேட்கிறது என்றால் அது வடிவமைத்தவரின் சோம்பல்" என்று, கழிவை எரித்துச் சாம்பலாக்கும் கழிப்பறையைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் மலம் நடுத்தரமாக 128 கிராம். அதில் உலர்பொருள் 29 கிராம். மீதி 99 கிராமும் தண்ணீர். உலர்பொருள் கிராமுக்கு 20 கிலோஜூல் வெப்பம் தரும் என்று கொண்டால் 580 கிலோஜூல் கிடைக்கிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 260 கிலோஜூல் போதும். இதுவரை அவர் பக்கம் சரிதான். ஆனால் அதே மனிதர் அதே இருக்கையில் 1.4 லிட்டர் சிறுநீரும் கழிக்கிறார். அதை ஆவியாக்க 3640 கிலோஜூல், அதாவது முழுதாக ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். கையில் மிஞ்சிய 320-ஐ வைத்துக்கொண்டு 3640 கடனை எப்படி அடைப்பார்? சிறுநீரைப் பிரிக்காத எரிப்புக் கழிப்பறையில் ஆற்றல் சிக்கனம் பேசுவது வீண்.

பனிக்குடில்:
கொதிகலன் ஐயா என் ஒரு வரியை எடுத்தாண்டுவிட்டு, மின்சாரத்தில் பெரும்பகுதி வீண் வெப்பமாகவே போகிறது என்று நான் எழுதிய அடுத்த பத்தியைத் தொடவே இல்லை. நான் நார்வேயில் வசிப்பவன். எங்கள் மலைக்குடில் பாறை மேல் நிற்கிறது. ஒரு சாண் மண்தான் இருப்பதால் உறிஞ்சு குழி தோண்ட வழியில்லை. குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும். அதனால்தான் மின்சார எரிப்பு மலசலகூடம் வாங்கினோம். ஒவ்வோர் எரிப்புக்கும் என் மீட்டரில் ஏறத்தாழ 1.5 யூனிட் ஓடுகிறது. வீட்டில் நால்வர், நாளுக்குப் பத்து எரிப்பு, ஆக 15 யூனிட். உங்கள் கணக்கின்படியே நால்வரின் சிறுநீருக்கு 4 யூனிட்தான் ஆகிறது. மீதி 11 யூனிட்டையும் சிறுநீரா குடித்தது?

கொதிகலன்:
4 யூனிட் தேவை என்பதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. எந்த வடிவமைப்பாளராலும் குறைக்க முடியாத பகுதி அதுதான். அதைக் குறைக்க ஒரே வழி, சிறுநீரை எரிகலனுக்குள் விடாமலிருப்பது.

அளவுகோல்:
விவாதம் தொடரும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோமா? ஆற்றல் திறன் என்று இருவரும் சொல்வது ஓர் எரிப்புக்கான செலவையா, ஒருவரின் ஒரு நாள் செலவையா, அல்லது ஒரு கிலோ உலர்பொருளை அழிக்க ஆகும் செலவையா? மூன்றுக்கும் மூன்று விதமான விடை வரும்.

பனிக்குடில்:
நான் ஒப்புக்கொண்டதாக ஐயா சொல்வது திரிப்பு. அந்த 11 யூனிட் எங்கே போகிறது என்று நானே சொல்கிறேன். எரிகலன் எஃகால் ஆனது. அது பத்துக் கிலோ என்று கொண்டால், 500 டிகிரி சூடேற்ற மட்டும் 2500 கிலோஜூல், அதாவது 0.7 யூனிட் செலவாகிறது. எரிந்து முடிந்ததும் விசிறி ஓடி அதே எஃகைக் குளிரவைத்து, அந்த வெப்பம் முழுவதையும் புகைபோக்கி வழியாக மலைக்குத் தானம் செய்கிறது. அடுத்த ஆள் போனதும் மறுபடி முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். ஒரு குவளை சிறுநீருக்காகப் பத்துக் கிலோ எஃகை நாளுக்குப் பத்து முறை சுட்டுக் குளிரவைப்பதைத்தான் சோம்பல் என்றேன். நாலைந்து பயன்பாடுகளைச் சேர்த்து ஒரே முறை எரிக்கலாம். கலனைச் சுற்றி நல்ல வெப்பக் காப்பு இடலாம். வெளியேறும் புகையைக் கொண்டு உள்ளே வரும் காற்றைச் சூடாக்கலாம். இவற்றில் எதற்கும் சிறுநீரைப் பிரிக்கத் தேவையில்லை.

கொதிகலன்:
31 ஆண்டுகள் கொதிகலன்களோடு வாழ்ந்தவனுக்குக் காற்றை முன்சூடாக்குவதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன மூன்றையும் செய்துமுடித்த பிறகு என்ன மிஞ்சும்? அதே 4 யூனிட். ஒருவருக்கு 3640 கிலோஜூல் என்ற எண் அசையாது. 2011-இல் கேட்ஸ் அறக்கட்டளை கழிப்பறையை மறுபடி கண்டுபிடிக்கச் சொல்லி அறைகூவல் விடுத்தபோது, உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் அதில் இறங்கின. டொராண்டோக் குழு திடப்பொருளை உலர்த்தி, மணலோடு சேர்த்துக் கனல விட்டது. திரவம் தனியாக வடிகட்டிக்குப் போனது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டுக் குழு மலத்தைத் திருகு உருளையால் எரிகலனுக்கு ஏற்றியது. திரவத்திலிருந்த தண்ணீரைச் சவ்வு வழியாகப் பிரித்தது. இருவருமே எல்லாவற்றையும் ஒரே சட்டியில் ஊற்றி எரிக்கவில்லை. இத்தனை அறிஞர்களுக்குத் தெரிந்தது உங்கள் குடிலுக்கு மட்டும் தெரியவில்லை.

பனிக்குடில்:
டக்கார் நகரை ஐயா வசதியாக மறந்துவிட்டார். செனகல் நாட்டுத் தலைநகரில் 2015 முதல் மலக்கசடை எரிக்கும் ஆலை ஒன்று இயங்கியது. கசடை எரித்து நீராவி உண்டாக்கி, அதனால் இயந்திரத்தை ஓட்டி மின்சாரம் எடுத்து, மிஞ்சிய நீராவியைக் கொண்டே அடுத்த கசடை உலர்த்தும் அமைப்பு அது. அதே வகை இயந்திரத்திலிருந்து வடித்த தண்ணீரை பில் கேட்ஸ் குடித்துக் காட்டியதை உலகமே பார்த்தது. ஈரக் கசடு, வெளி எரிபொருள் இல்லை, கூடுதலாக மின்சாரம். உங்கள் அசையாத எண் அங்கே அசைந்திருக்கிறது.

கொதிகலன்:
தம்பி, அந்த ஆலைக்கு வரும் கசடு, குழிகளில் அடியில் தங்கி, பிறகு நீர் வடிந்து கெட்டியானது. அதில் ஒருவருக்கு நாளுக்கு 1.4 லிட்டர் புதுச் சிறுநீர் இல்லை. மண்ணும் தொட்டியும் கூலி வாங்காமல் செய்துகொடுத்த பிரிப்பு அது. நீங்கள் காட்டிய சான்று என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. இதையே சென்ற ஆண்டு சூரிய உலர்த்தி இழையிலும் உங்களுக்கு விளக்கினேன். அப்போதும் புரிந்துகொள்ளாமல் பாதியில் எழுந்து போனீர்கள்.

பனிக்குடில்:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். எனக்கு 52 வயது. பதினெட்டு வயதில் நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, கடும் உறைபனியில் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் கற்றவன் நான். சூரிய உலர்த்தி இழையிலிருந்து நான் எழுந்து போனது புரியாததால் அல்ல. நீங்கள் ஒரே வரியை ஒன்பது முறை எழுதியதால். எங்கள் ஊரில் இதற்குப் பெயரே மலசலகூடம். மலமும் சலமும் ஒன்றாகப் போகும் இடம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. மனிதன் எப்படி இருக்கிறானோ அதற்கேற்ப இயந்திரம் அமைய வேண்டுமே தவிர, இயந்திரத்துக்கேற்ப மனிதன் உட்காரப் பழகக் கூடாது.

கொதிகலன்:
பெயர் ஒன்றாக இருக்கட்டும்; குழாய் இரண்டாக இருக்க வேண்டும்.

மண்வளம்:
இருவரும் எரிப்பதிலேயே குறியாக இருப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. எரித்தால் பாஸ்பரசும் பொட்டாசியமும் சாம்பலில் தங்கும். நைட்ரஜன் காற்றோடு போய்விடும். அதே நைட்ரஜனை யூரியாவாகத் தயாரிக்க இயற்கை எரிவாயுவைக் கொளுத்துகிறோம். இந்த ஆற்றலை உங்கள் கணக்கில் ஏன் எழுதவில்லை? திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரைப் பிரிக்கும் உலர் கழிப்பறைகளைக் கட்டி, பயன்படுத்த வந்தவர்களுக்குக் கட்டணம் வாங்குவதற்கு மாறாகச் சிறு தொகை கொடுத்தே பழக்கினார்கள். சிறுநீர் வயலுக்குப் போனது. ஒரு யூனிட்டும் செலவாகவில்லை.

கொதிகலன்:
முசிறியை நினைவூட்டியதற்கு மகிழ்ச்சி. காவிரிக் கரையில் எளிய மக்கள் பழகிக்கொண்ட பிரிப்பை நார்வேயில் செய்ய முடியாது என்பவரை நான் எப்படி மதிப்பது?

கரிசல்:
முசிறியை இவ்வளவு எளிதாகப் பேசிவிட முடியாது. பிரித்த இருக்கையில் குழந்தைகளும் முதியவர்களும் சரியான இடத்தில் அமர்வதில்லை. மாதவிடாய் நாள்களில் பெண்கள் படும் சிரமத்தை இங்கே ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. சிறுநீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும்போது அதைக் குத்தி எடுப்பது யார் என்றும் சொல்லுங்கள். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்து 2013-இல் சட்டம் வந்த பிறகும் நம் ஊரில் மனிதர்கள் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறார்கள். எரிப்புக் கழிப்பறையில் மிஞ்சுவது ஒரு கைப்பிடிச் சாம்பல். ஒரு மனிதரின் கை படாமலிருக்க நாளுக்கு ஒரு யூனிட் செலவானால், அதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

கொதிகலன்:
தங்கள் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் இழையின் பொருள் ஆற்றல். இருக்கை சரியில்லை என்றால் இருக்கையைத் திருத்துங்கள். 3640-ஐத் திருத்த முடியாது.

பனிக்குடில்:
திருத்த முடியும் என்பதற்கு வருகிறேன். ஆவியாக்கிய வெப்பம் ஆவிக்குள்ளேயே இருக்கிறது. ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கினால் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஐயா இதுவரை தன் கணக்கில் ஒரு முறையேனும் வரவு எழுதவில்லை, செலவு மட்டும்தான்.

கொதிகலன்:
வரவு எழுதுகிறேன்; வாசித்துக்கொள்ளுங்கள். நூறு டிகிரி ஆவி, அதே அழுத்தத்தில் உள்ள நூறு டிகிரித் தண்ணீரைக் கொதிக்கவைக்காது, ஏனெனில் வெப்பம் பாய வெப்பநிலை வேறுபாடு வேண்டும். அதற்கு ஆவியை அமுக்கிச் சூடேற்றும் கருவி வேண்டும். சர்க்கரை ஆலைக்கும் உப்பு நீக்கும் ஆலைக்கும் அது கட்டுப்படியாகும். ஒரு குடும்பத்தின் சிறுநீருக்கு அதை வைத்தால், ஒரே மாதத்தில் நுரையும் உப்பும் அம்மோனியாவும் அதை அரித்துவிடும். மேலும் உங்கள் புகையில் ஆவியோடு ஏராளமான காற்றும் கலந்திருக்கிறது. அதனால் நூறு டிகிரிக்கு வெகுவாகக் கீழே வந்த பிறகே அது நீராகும். அந்த இளஞ்சூட்டை வைத்துக் காற்றை வெதுவெதுப்பாக்கலாம். சிறுநீரைக் கொதிக்கவைக்க முடியாது.

பனிக்குடில்:
கொதிக்கவைக்கச் சொன்னது யார்? இளஞ்சூட்டுக் காற்றை மேலே ஓடவிட்டால் தண்ணீர் கொதிக்காமலே காயும். எங்கள் பாட்டி முற்றத்தில் மீன் காயவைத்தபோது கடல் கொதிக்கவில்லை. மேலும் குளிர்காலத்தில் இயந்திரத்தின் உடலிலிருந்து கசியும் வெப்பம் எங்கள் அறையைத்தான் சூடாக்குகிறது. அதையும் வீண் என்று எழுதுவது நேர்மையா?

கொதிகலன்:
சற்று முன்பு அந்த வெப்பம் முழுவதும் புகைபோக்கி வழியாக மலைக்குப் போனது என்று எழுதியவர் நீங்கள்தான். ஐந்தாவது பதிவில் மலைக்குப் போனது, இப்போது அறைக்குள் எப்படி வந்தது? ஒரு நிலையில் நில்லுங்கள். கோடையில் அந்த அறையின் சாளரத்தைத் திறந்துவைப்பீர்களா, மாட்டீர்களா?

அளவுகோல்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் விடை தரவில்லை. ஓர் எரிப்புக்கா, ஒருவருக்கு ஒரு நாளுக்கா?

பனிக்குடில்:
மலைக்குப் போவது ஒரு பகுதி, அறைக்கு வருவது ஒரு பகுதி. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பது அடுப்பங்கரையில் நின்ற எவருக்கும் தெரியும். அது கிடக்கட்டும். ஐயாவின் முதல் கணக்கிலேயே பிழை இருக்கிறது. எங்கள் கலனில் ஒவ்வொரு முறையும் ஒரு காகித உறை விரித்தே அமர்கிறோம். அந்தக் காகிதமும் எரிகிறது. உங்கள் 580-இல் அது எங்கே?

கொதிகலன்:
அந்தக் காகிதம் ஐந்து கிராம் இருக்குமா? கிராமுக்கு 15 கிலோஜூல் போட்டாலும் 75. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை விரித்தாலும் 225. இதைக் கொண்டுவந்தா 3640-ஐ அடைக்கப்போகிறீர்கள்?

பனிக்குடில்:
பத்து கிராம். நாளை குடிலுக்குப் போனதும் தராசில் வைத்து, நிழற்படத்தோடு இங்கே இடுகிறேன்.

கொதிகலன்:
தராசில் வைக்கும்போது அருகிலேயே ஒருவரின் ஒரு நாள் சிறுநீரையும் அளந்து வையுங்கள். காகிதம் எத்தனை கிராம் என்பது அதன் பிறகு.