மாரி முடிஞ்சும் நாரிப்பிடிப்பு விடுதில்ல, என்ன செய்யலாம்?

சாம்பல்தீவு_தையல்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 46 வயசு, வீட்டில வச்சுத் தையல் தைக்கிறன். கார்த்திகையில மழை பிடிச்சதில இருந்து தைப்பொங்கல் ஓடர் முடியும் வரைக்கும் வெளிய இறங்கவே இல்ல, முத்தமெல்லாம் வெள்ளம், மெசினும் கதிரையுமாவே கிடந்தன். இப்ப மாசியும் பிறந்து நல்ல வெயில், ஆனா உடம்பு இளகுதே இல்ல. விடிய எழும்பினா நாரி மடங்காது, குனிஞ்சு செருப்புக் கொழுவக் கட்டில் சட்டத்தப் பிடிக்க வேண்டிக் கிடக்கு. கழுத்து வலப்பக்கம் திரும்பாது, தோள் ரெண்டும் காதுக்குக் கிட்ட ஏறி நிக்கிற மாதிரி ஒரு இறுக்கம். ஒரு 15 நிமிசம் நடமாடினாப் பிறகுதான் கொஞ்சம் விடும். பாம் பூசிப் பாத்தன், அந்த நேரத்துக்கு மட்டும் சுகம். மாமி கன்னியா வெந்நீரூற்றில போய் நல்லா வாத்திட்டு வா எண்டு சொல்றா. போனாச் சரிவருமா? இல்ல டொக்டரிட்டப் போறதா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

உப்புவெளி_அக்கா:
தங்கச்சி, முதல்ல எண்ணெய் வச்சு முழுகுங்கோ. மூண்டு மாசமா மழைக்குப் பயந்து நாங்க எல்லாருமே எண்ணெய் முழுக்க விட்டிட்டம், அதுவும் ஒரு காரணம் எண்டுதான் நான் சொல்லுவன். நல்லெண்ணெய்க்குள்ள நாலு பல்லு உள்ளி தட்டிப்போட்டு, மிளகும் கொஞ்சம் போட்டு மெல்லிய நெருப்பில வைங்கோ. உள்ளி பொன்னிறமா வந்தோண்ண இறக்கிடோணும், கருகினா எண்ணெய் கைக்கும், மணமும் கூடாது. இளஞ்சூட்டில கழுத்தில இருந்து தோளுக்கும், நாரியில ரெண்டு பக்கமும் மேலிருந்து கீழயும் அமத்தி உருவி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு நொச்சி இலை அவிச்ச தண்ணியில வாருங்கோ. எங்கட அம்மம்மா பிள்ளைப்பெத்த வீட்டுக்கெல்லாம் இந்த நொச்சித் தண்ணிதான் வைப்பா. முழுக நேரமில்லாத நாளில கல்லுப்ப மண்சட்டியில வறுத்துப் பழைய சாரத்துண்டில கட்டி ஒத்தணம் பிடியுங்கோ, ஆனா உங்கட புறங்கையில வச்சுச் சூடு பாத்திட்டுத்தான் வைக்கோணும், நாரியில சூடு தெரியாமப் பொக்களிச்ச ஆக்களும் இருக்கினம்.

திருமலை_பிசியோ:
அக்கா, நான் பிசியோதெரபி வேலைதான் செய்யிறன். மாரி முடிய இப்பிடி நிறையப் பேர் வருவினம், எல்லாரும் குளிர் பிடிச்சிட்டுது எண்டுதான் சொல்லுவினம். ஆனா திருகோணமலையில தை மாசத்து ராவிலயும் 24 பாகை அளவிலதான் நிக்கும், இந்தக் குளிரை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. மாசக்கணக்கா இருந்த இடத்தில இருந்ததுதான் கூடுதலான காரணம். கதிரையில இருக்கேக்க இடுப்புக்கு முன்பக்கத் தசை மடிஞ்ச மாதிரியே கிடக்கும், எழும்பேக்க அது நீள மறுத்து நாரிய இழுக்கும். தைக்கேக்க ஊசியப் பாத்துத் தலை முன்னுக்குப் போறதால கழுத்துக்குப் பின்பக்கத் தசை நாள் முழுக்கத் தலையத் தாங்கிக்கொண்டு நிக்குது.

சூடு நல்லது, 15, 20 நிமிசம் காணும். ஆனா சூடு காட்டிப்போட்டுத் திருப்பி மெசினில இருந்தா ஒரு பிரியோசனமும் இல்ல, தசை இளகி நிக்கிற அந்த நேரத்திலதான் நீட்டோணும். கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு ஒரு முழங்காலத் தலகாணியில ஊண்டி, மற்றக் கால முன்னுக்கு வச்சு இடுப்ப மெல்ல முன்னுக்குத் தள்ளி 20, 30 செக்கன் நில்லுங்கோ, மூச்ச அடக்க வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். பிறகு மற்றப் பக்கம். கழுத்துக்கு, நாடிய உள்ளுக்கு இழுத்து அஞ்சு எண்ணி விடுங்கோ, பத்துத் தரம். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா கட்டாயம் எழும்புங்கோ, நூல் கண்டையும் கத்திரிக்கோலையும் தூர வச்சீங்களெண்டா தானா எழும்புவீங்க.

கன்னியாவுக்குப் போகலாம், அந்த ஏழு கிணத்துத் தண்ணியும் ஒவ்வொரு சூட்டில இருக்கும், வாக்கேக்க உடம்புக்கு உண்மையிலயே சுகம். ஆனா குனிஞ்சு வாளியால அள்ளோணும், பிடிச்ச நாரியோட நீங்க அள்ளாதேங்கோ.

இதக் கவனமா வாசியுங்கோ. விடியக்காலமை இறுக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல நிண்டா, விரல், மணிக்கட்டு மொழி வீங்கினா, கால் விறைச்சா, மலசலம் அடக்க ஏலாமப் போனா வீட்டு வைத்தியம் பாத்துக்கொண்டு இருக்காம உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. மழை விட்ட கையோட நுளம்பும் கூட, காய்ச்சலோட மூட்டு உளைஞ்சா டெங்கு, சிக்குன்குனியா எண்டு ரத்தம் சோதிக்கோணும். அந்த நேரம் பனடோல் தவிர வேற நோக்குளிசை நீங்களா வாங்கிப் போடாதேங்கோ.

கரைவலை_அண்ணன்:
தங்கச்சி எங்களுக்கும் இதே கதைதான், மாரியில கடல் கொந்தளிப்பு, தோணி கரையில, நாங்க குந்தியிருந்து வலை பொத்துறதோட சரி. பங்குனியில கடல் அடங்கினோண்ண முதல் நாளே முழுப்பலத்தோட வலை இழுத்தா அடுத்த நாள் பாயால எழும்ப ஏலாது, போன வருசம் எனக்கு ரெண்டு கிழமைத் தொழில் அதாலதான் போனது. இப்ப சீசனுக்கு முன்னமே ஒவ்வொரு நாளும் விடியப்புறம் கரையால நடக்கிறன், ஈரமணலில வெறுங்காலோட. முதல் கிழமை கொஞ்சத் தூரம்தான். நீங்களும் எல்லாத்தையும் ஒரே நாளில செய்யாதேங்கோ.

சாம்பல்தீவு_தையல்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. எனக்கு மொழி வீக்கமோ காய்ச்சலோ இல்ல. நேத்து உப்பு ஒத்தணம் பிடிச்சு, தம்பி சொன்ன மாதிரி முழங்கால் ஊண்டி நிண்டன், வலப்பக்கம் நல்லா இழுத்துது, பெடல் மிதிக்கிற கால் அதுதான். இண்டைக்குக் காலமை கட்டிலைப் பிடிக்காமச் செருப்புக் கொழுவினன், கழுத்துத்தான் இன்னும் திரும்புதில்ல. சனிக்கிழமை மாமியோட கன்னியாவுக்குப் போறன், வாளி அள்ள மகனையும் கூட்டிக்கொண்டு போறன்.