பல நாள் மலை நடைக்கு எந்தக் கத்தி, எந்த வெட்டுக் கருவி?

தடப்பள்ளி (கோபிசெட்டிபாளையம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் நாங்கள் ஐந்து பேர் உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்திலுள்ள ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கு நடந்து செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் என் கணவரும், என் தம்பியும் அவனுடைய நண்பர்கள் இருவரும் செல்கிறோம். சாங்கிரியிலிருந்து புறப்பட்டுத் திரும்பும் வரை ஆறு இரவுகள் கூடாரத்தில் தங்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளும் உடன் வரும் என்றாலும், சமையலை நாங்களே பார்த்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம்.

எங்களுக்குள் தீராமல் இருப்பது கத்தியைப் பற்றிய பேச்சுதான். காட்டுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று சொல்லி, தோட்டத்தில் புழங்கும் கொடுவாளைச் சாணை பிடித்துத் தருவதாக மாமனார் சொல்கிறார். தம்பியோ, முதுகில் ரம்பப் பல்லும் குழாய் போன்ற பிடிக்குள் திசைகாட்டியும் தீக்குச்சியும் வைத்த பெரிய கத்தி ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறான். இதற்கு முன் நான் ஏறியது வெள்ளியங்கிரி மட்டுமே; அங்கே மூங்கில் தடி போதுமானதாக இருந்தது. ஐந்து பேருக்கு எத்தனை கத்தி தேவை, எந்த அளவில் இருக்க வேண்டும், கைக்கோடரியோ ரம்பமோ அவசியமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊதியூர் (காங்கயம்) எழுதியது:

வணக்கம் சகோதரி. எந்தக் கத்தி என்று பார்ப்பதற்கு முன், அந்த ஆறு நாள்களில் எதையெல்லாம் வெட்டப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, இஞ்சி. பருப்புப் பொட்டலமும் பால் பவுடர் உறையும். கூடாரம் கட்டும் நைலான் கயிறு. குதிகால் கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. அறுந்துபோன பை வார். இமயமலையில் நான் நடந்த பாதைகள் எதிலும் இந்தப் பட்டியலில் மரம் சேர்ந்ததே இல்லை. சமையல் எரிவாயு அடுப்பில் நடக்கிறது. கூடாரத்தின் முளைகள் உலோகத்தால் ஆனவை. ஆகவே கொடுவாள், கைக்கோடரி, ரம்பம் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடலாம். முக்கால் கிலோ எடையுள்ள ஒரு கருவியைத் தினமும் மேடேற்றி இறக்கி, ஒருமுறைகூட எடுக்காமல் திரும்பக் கொண்டுவருவதற்குப் பதிலாக அந்த எடைக்குப் பருப்பும் வெல்லமும் எடுத்துச் செல்லலாம்.

சமையலை நீங்களே செய்வதால் கத்தியின் மெல்லிய தன்மைக்கு முதலிடம் கொடுங்கள். ஹர் கி தூன் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 88 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால், நம் ஊரில் பத்து நிமிடத்தில் வேகும் உருளைக்கிழங்கு அங்கே நெடுநேரம் வேகாமல் கிடக்கும், எரிவாயுவும் வீணாகும். காய்களை எவ்வளவு மெல்லியதாக நறுக்குகிறோமோ அவ்வளவு எரிபொருள் மிஞ்சும். தடித்த அலகுள்ள கத்தியால் மெல்லியதாக நறுக்க முடியாது, அது கிழங்கைப் பிளக்கத்தான் செய்யும். அரிசியும் பருப்பும் சேர்த்துச் சமைக்கும் எண்ணம் இருந்தால் சிறிய குக்கர் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பலரும் காயைக் கையில் பிடித்தபடியே நறுக்கப் பழகியவர்கள். மாலையில் வெயில் இறங்கியதும் அந்தப் பள்ளத்தாக்கில் விரல்கள் மரத்துப்போகும். கத்தி எங்கே இருக்கிறது என்பதை விரல் உணர்வதற்கு முன்பே தோல் வெட்டுப்பட்டிருக்கும். வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் நறுக்குத் தட்டு ஒன்றின் எடை மிகக் குறைவு. அதைத் தரையிலோ பெட்டியின் மேலோ விரித்து வைத்து நறுக்குங்கள்.

ஐந்து பேருக்கு 9 அல்லது 10 சென்டிமீட்டர் அலகுள்ள ஒரு சமையல் கத்தி உறையுடனும், பைக்குள் ஒரு மடக்குக் கத்தியும், ஒரு நல்ல கத்திரிக்கோலும் போதும். மடக்குக் கத்தியில் பிரான்சு நாட்டு ஓப்பினல் 8-ஆம் எண் எனக்குப் பிடித்தது. அதன் அலகு 8.5 சென்டிமீட்டர், திறந்த பின் கழுத்திலுள்ள வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். விக்டோரினாக்ஸின் 91 மில்லிமீட்டர் வகைகளில் கத்திரிக்கோல் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பொருளிலேயே இரண்டு வேலை முடியும். ஆனால் அவற்றின் அலகுக்குப் பூட்டு கிடையாது. முனையால் குத்தித் துளையிட முயன்றால் அலகு விரலின் மேல் மடங்கும்.

பட்டறைத்தெரு (பவானி) எழுதியது:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அரிவாளும் கொடுவாளும் அடித்து விற்பது. ஊதியூர் அண்ணன் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன்; மடக்குக் கத்தியைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

மலைப்பாதையில் நிலையான அலகுள்ள கத்தியே முதலாவதாக இருக்க வேண்டும், மடக்குவது அதற்குத் துணையாக இருக்கலாம். மடக்குக் கத்தியின் மூட்டில் மாவும் மண்ணும் ஏறும். ஓடை நீரில் கழுவினாலும் முழுதாகப் போகாது. கையுறை போட்ட விரலால், அலகில் நகம் மாட்டி இழுப்பதற்கென உள்ள குழியைப் பிடித்துத் திறப்பது பெரும்பாடு. ஓப்பினலின் மரப்பிடி ஈரத்தில் ஊறி உப்பிக்கொண்டால் அலகு உள்ளேயே இறுகிவிடும். நிலையான கத்தியில் இவை எதுவும் இல்லை. சுவீடனின் மோரா நிறுவனம் செய்யும் கம்பேனியன் வகை சுமார் 10 சென்டிமீட்டர் அலகும் வழுக்காத பிடியும் பிளாஸ்டிக் உறையும் கொண்டது. காய் நறுக்கவும் கயிறு அறுக்கவும் அது ஒன்றே போதும். பிடி செம்மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறத்தில் இருப்பதை வாங்குங்கள், புல்லிலோ பனியிலோ விழுந்தால் தேடாமல் கண்ணில் படும்.

தம்பி பார்த்து வைத்திருக்கும் கத்தியைக் கட்டாயம் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கத்தியின் பலம் அலகிலிருந்து பிடிக்குள் இறங்கும் காம்பில்தான் இருக்கிறது. பிடியைக் குழாயாக்கி அதற்குள் திசைகாட்டி வைத்தால், காம்பு நுழைய இடமில்லாமல் அலகு பிடியின் வாயோடு நின்றுவிடுகிறது; சற்று அழுத்தி வேலை செய்தால் அந்த இடத்திலேயே முறியும். முதுகிலுள்ள ரம்பப் பல் மரத்தை அறுக்காது, உறையைக் கிழிக்கத்தான் பயன்படும்.

மாமனாரின் கொடுவாளும் குறைந்த கருவி அல்ல. நாங்கள் லாரியின் பட்டைச் சுருளிலிருந்து (லீஃப் ஸ்பிரிங்) அடிக்கும் கொடுவாளில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரிமம் உண்டு. தென்னை மட்டையையும் வேலிக் கிளுவையையும் வெட்ட அதைவிடச் சிறந்தது இல்லை. அந்த வேலைக்காகவே முதுகைத் தடிப்பாகவும் தலையைக் கனமாகவும் வைக்கிறோம். அதே தடிப்பால்தான் அது வெங்காயத்துக்கு ஆகாது.

எஃகைப் பற்றிக் கேட்பீர்கள். உணவோடும் ஈரத்தோடும் புழங்குவதற்குத் துருப்பிடிக்காத எஃகே நிம்மதி. கரிம எஃகு எளிதில் கூர் ஏறும் என்றாலும் எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரத்தோடு உறையில் போட்டால் விடிவதற்குள் துரு பூக்கும். அதைத்தான் எடுப்பேன் என்றால் கடலை எண்ணெய் தடவிய துணி ஒன்றைச் சிறு பையில் வையுங்கள்; தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் புட்டிக்குள் உறைந்துவிடும்.

புறப்படும் முன் சாணை பிடிக்கையில் தெருவில் வரும் உலர்ந்த சக்கரத்தில் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு அந்தச் சூட்டில் நீலம் பாய்ந்து பதம் இழந்துவிட்டால், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீர் விட்ட கல்லில், பக்கத்துக்கு 20 பாகை அளவில் சாய்த்து, இரு பக்கமும் சமமாகத் தீட்டுங்கள். பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். வழுக்காமல் இறங்கினால் ஆறு நாளைக்கு அந்தக் கூர் தாங்கும்.

தடப்பள்ளி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. காம்பைப் பற்றிய விளக்கத்தைப் படித்ததும் தம்பி தன் விருப்பத்தை மாற்றிக்கொண்டான். மாமனாருக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை. இரவில் குளிர் காய விறகு வேண்டுமே, அதற்காவது கொடுவாள் இருக்கட்டும் என்கிறார். ஈரோட்டிலிருந்து போகும்போது கொங்கு எக்ஸ்பிரஸில் நிஜாமுதீன் வரை செல்கிறோம். திரும்பும்போது தில்லியிலிருந்து கோவைக்கு விமானம். அதில் கத்தியைக் கொண்டுவருவதில் சிக்கல் உண்டா?

ஆழியாறு (பொள்ளாச்சி) எழுதியது:

விறகைப் பற்றி மாமனாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், இது விருப்பத்தைப் பொறுத்த செய்தி அல்ல. நீங்கள் நடக்கப்போகும் பள்ளத்தாக்கு கோவிந்த் தேசியப் பூங்கா, சரணாலயப் பகுதிக்குள் இருக்கிறது. அங்கே மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம். அதற்கு மேல், 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே கத்தியும் அடங்குகிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைய எழுத்துமூலமான முன் அனுமதி வேண்டும் என்று அதன் 31-ஆம் பிரிவு சொல்கிறது. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். நம் ஆனைமலை, சத்தியமங்கலம் காடுகளுக்கும் இதே சட்டம்தான்.

ஆகவே சமையல் கத்தியையும் இடுப்பில் தொங்கவிடாமல், பாத்திரங்களோடும் அடுப்போடும் ஒரே பையில் வையுங்கள். நுழைவு அனுமதி வாங்கும் சாவடியில் வழிகாட்டியை வைத்து அதை முன்கூட்டியே காட்டி, அவர்கள் சொல்வதற்குக் கட்டுப்படுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதச் சட்டத்தின் விதிகளிலும் வருகின்றன. வேளாண் கருவிகளுக்கு அதில் விலக்கு இருக்கிறது என்றாலும், மலையேற வந்தவர்கள் கொடுவாளைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் அந்த விலக்கை விளக்கிக்கொண்டு நிற்பது தேவையற்ற அலைச்சல். குளிருக்கு நல்ல உறங்கு பையும் கம்பளித் தொப்பியும் வெந்நீர் நிரப்பிய புட்டியும் போதும்.

விமானத்தில் கத்தி, கத்திரிக்கோல் எதுவும் கைப்பையில் வேண்டாம். உறையில் போட்டுத் துணியால் சுற்றிப் பதிவுப் பெட்டிக்குள் (செக்-இன்) வையுங்கள். மிச்சமிருக்கும் எரிவாயுக் குடுவையை இரண்டிலும் ஏற்ற மாட்டார்கள், சாங்கிரியிலேயே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

சிறுவாணி (கோவை) எழுதியது:

அம்மிணி, நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இவ்வளவு பேர் கத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கத்திரிக்கோலைப் பற்றி ஒருவர் ஒரு வரியோடு நிறுத்திவிட்டார். நடைப்பயணத்தில் வெட்டும் கருவி அதிகம் தேவைப்படுவது பாதத்துக்குத்தான். பிளாஸ்திரியின் மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் அது காலுறையில் சுருண்டு உரியாது. அந்த வேலையைக் கத்தியால் செய்ய முடியாது. காயத்தின் மேல் ஒட்டிக்கொண்ட துணியை அகற்ற, முனை மழுங்கலாக உள்ள கத்திரிக்கோல் வேண்டும். கூர்முனை தோலைக் கிழித்துவிடும். நகம் வெட்டியும் ஒரு சிறு இடுக்கியும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் நீண்ட கால் நகம் காலணியில் இடித்துக் கறுத்துப்போவதை நிறைய பார்த்திருக்கிறேன். கொப்புளத்தைக் கத்தி முனையால் குத்த யாரையும் விடாதீர்கள்.

கத்தியைப் பிடிக்கும் முறையையும் ஐந்து பேருக்கும் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்து கயிறு அறுக்கும்போது தொடையின் மேல் வைத்து அறுக்கக் கூடாது. தொடையின் உட்பக்கம் ஓடும் பெரிய தமனியில் வெட்டுப்பட்டால், மருத்துவமனைக்கு ஒரு நாள் நடக்க வேண்டிய இடத்தில் உயிரைக் காப்பது மிகக் கடினம். முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, உடலுக்கு வெளியே அறுக்கச் சொல்லுங்கள். களைத்துப்போய் கூடாரத்துக்கு வந்தவுடன் கத்தியை எடுக்காமல், தேநீர் குடித்துக் கை சூடேறிய பிறகு நறுக்கத் தொடங்குங்கள்.

விரல் வெட்டுப்பட்டால் மஞ்சள் பொடியோ காப்பிப் பொடியோ போடாமல், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள்; பிறகு கொதித்து ஆறிய நீரால் கழுவிக் கட்டுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு கடந்திருந்தால் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கத்திரிக்கோலைச் சமையல் பையில் போட்டுவிடாதீர்கள். அது முதலுதவிப் பையிலேயே, மேலாக, இருக்கட்டும்.