மலைக்கிராமங்களில் சரக்கு எடுக்க வண்டித் தடம் போட்டேன், ‘தீர்வு இல்லை’ என்கிறது. உதவுங்கள்

செவ்வாய்ப்பேட்டை மிளகு:

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்கு மண்டி. ஏற்காட்டு மலையில் 11 ஊர்களில் மிளகும் உலர்ந்த காப்பியும் வாங்குகிறோம். பிக்கப் வண்டிகள் மூன்று. ஒன்றில் 1,200 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. எந்த வண்டி எந்த ஊருக்கு, எந்த வரிசையில் என்பதை முதல்நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொல்லிவிடுவார். அதைக் கணினியிடம் ஒப்படைக்கலாம் என்று கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்ற, தடம் போட உதவும் நிரல்தொகுப்பைக் கொண்டு பைத்தானில் எழுதினேன்.

வரைபடத்தில் ஒவ்வோர் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, இரண்டிரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தேன். விடை வந்தது. நாகலூரிலிருந்து கொட்டச்சேட்டுக்கு ஒரே தாவு. அப்பா பார்த்துவிட்டு, "ஹெலிகாப்டருக்கு டீசல் யார் போடுவது?" என்றார்.

சரி என்று எடை வரம்பையும் நேர வரம்பையும் சேர்த்தேன். வெள்ளக்கடையில் ஆட்கள் எஸ்டேட் வேலைக்குக் கிளம்பும் முன், 7 மணியிலிருந்து 8.30-க்குள் எடை போட வேண்டும். கொட்டச்சேட்டில் பிற்பகல் 1 மணிக்குப் பிறகுதான் ஆள் இருப்பார்கள். இவற்றைச் சேர்த்த நொடியிலிருந்து ‘தீர்வு இல்லை’ மட்டும்தான் வருகிறது. பெரிய ஊர்கள் நான்கில் தலா 650 கிலோ, சின்ன ஊர்கள் ஏழில் தலா 100 கிலோ. மொத்தம் 3,300. மூன்று வண்டி சேர்ந்தால் 3,600 கொள்ளுமே!

அம்மாப்பேட்டை வாசகன்:

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் வடமேற்கு மூலை முறை படித்தோமே, போக்குவரத்துக் கணக்கு. அது போதாதா?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:

போதாது. அந்தக் கணக்கு எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் சொல்லும். ஒரே வண்டி எந்த ஊரை முதலில் தொட்டு எதை அடுத்துத் தொட வேண்டும் என்று சொல்லாது. இது வேறு குடும்பம். 1959-இல் டான்சிக், ராம்சர் இருவரும் பெட்ரோல் லாரிகளை நிலையங்களுக்கு அனுப்பும் கணக்காக இதை எழுதினார்கள்.

தம்பி, இரண்டு கேள்வி. பயண நேரத்தை எந்த அலகில் கொடுத்திருக்கிறீர்கள்? நேரக் கட்டுப்பாட்டில் ‘ஸ்லாக்’ எவ்வளவு?

செவ்வாய்ப்பேட்டை மிளகு:

ஐயா, நான் தம்பி இல்லை, பெண். நேரத்தை மணிக்கணக்கில் கொடுத்தேன், 0.4 மணி, 0.75 மணி என்று. விடை தேடித் தரும் நிரலான சால்வர் முழு எண்தான் கேட்டது, அதனால் பின்னத்தை வெட்டிவிட்டேன். ஸ்லாக் என்றால் என்னவென்று தெரியவில்லை, எடுத்துக்காட்டில் இருந்தபடி 0 என்று விட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:

மன்னிக்கவும் அம்மா. நோய் இரண்டும் அகப்பட்டுவிட்டன. 0.75-இன் பின்னத்தை வெட்டினால் 0. உங்கள் வண்டி எல்லா ஊருக்கும் சுழிய நேரத்தில் போய்விடுகிறது. எல்லாவற்றையும் நிமிடத்துக்கு மாற்றுங்கள்.

ஸ்லாக் என்பது ஓர் இடத்தில் வண்டி காத்திருக்க நீங்கள் தரும் அனுமதி. அது 0 என்றால் எங்கும் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது. கொட்டச்சேட்டுக்கு 12 மணிக்கு வந்த வண்டி 1 மணிவரை நிற்க முடியாது, ஆகவே அந்தத் தடமே செல்லாது. 120 நிமிடம் கொடுத்துப் பாருங்கள். அதே வரியில், புறப்படும் நேரத்தைச் சுழியத்தில் கட்டிப்போடும் ‘ட்ரூ’ இருந்தால் ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். மூன்று வண்டியும் விடியற்காலை ஒரே நொடியில் கிளம்ப வேண்டும் என்று யார் அழுதார்கள்?

இரண்டாம் கியர்:

கணக்கு எனக்கு வராது. ஏற்காட்டுப் பாதையில் 18 வருடம் சரக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். நேர்கோட்டில் அளந்தால் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சுமார் 15 கிலோமீட்டர்தான். சாலையில் ஏறக்குறைய 30, அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலைக்கு மேலேயும் அப்படித்தான், எதிரே தெரிகிற ஊருக்குப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அதோடு, போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருக்காது. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். பாரத்தோடு இறங்கும் வண்டி பறந்து வரும் என்று நினைப்பவர் பிரேக் கருகும் வாடையை முகர்ந்ததில்லை. தை மாதக் காலைப் பனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் போவோம். கொட்டச்சேட்டில் முடிக்கிற வண்டி ஏற்காடு திரும்ப வேண்டியதில்லை, குப்பனூர் பக்கமாகவே இறங்கிவிடலாம். இதெல்லாம் உங்கள் அட்டவணையில் இருக்கிறதா?

செவ்வாய்ப்பேட்டை மிளகு:

இல்லை அண்ணா. ஆனால் மண்டியையும் சேர்த்தால் 12 இடங்கள், போக வர 132 நேரங்கள். எங்கள் ஓட்டுநரிடம் அத்தனையும் கேட்டால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அயோத்தியாப்பட்டணத்து நிரலாளன்:

அத்தனையும் கேட்க வேண்டாம். பாதைகள் பலவும் ஒண்டிக்கடை போன்ற ஒரு சில சந்திப்புகளில்தான் சேர்கின்றன. சந்திப்புகளுக்கு இடையிலான துண்டுகளை மட்டும், ஏற்றம் தனியாக இறக்கம் தனியாக, ஒரு வாரம் ஓட்டுநரிடம் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். மீதியை, எந்த இரண்டு இடத்துக்கும் இடையிலான மிகக் குறைந்த நேரத்தைக் கண்டுபிடிக்கும் ஃப்ளாய்ட்–வார்ஷல் முறை கூட்டித் தந்துவிடும். அட்டவணையில் ‘எங்கிருந்து’, ‘எங்கே’ இரண்டும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை மாற்றிப் போட்டு, ஏற்றத்தையெல்லாம் இறக்கமாக்கி மகிழ்ந்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை மிளகு:

நோட்டு வந்துவிட்டது. நிமிடத்துக்கு மாற்றினேன், ஸ்லாக் 120. இன்னமும் ‘தீர்வு இல்லை’.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:

கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் விடை வருகிறதோ அதுதான் குற்றவாளி. எனக்கு எடையின் மேல்தான் சந்தேகம். 3,300-ஐ 3,600-இல் அடக்கலாம் என்றீர்கள். தண்ணீரானால் அடங்கும். 650 கிலோ ஊர் இரண்டு சேர்ந்தால் 1,300, எந்த வண்டியிலும் ஏறாது. ஆக வண்டிக்கு ஒரு பெரிய ஊர்தான். ஊர் நான்கு, வண்டி மூன்று. ஓர் ஊரின் சரக்கை இரண்டு வண்டி பகிரலாம் என்று நீங்கள் சொல்லாதவரை சால்வர் அப்படி யோசிக்காது. ஒரு பெரிய ஊரை 325, 325 என இரண்டு ஊராக எழுதுங்கள்.

இன்னொன்று. 1964-இல் கிளார்க்கும் ரைட்டும் சொன்ன ‘சேமிப்பு’ முறையைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஓர் ஊரிலிருந்து மண்டிக்குத் திரும்பும் நேரத்தோடு மண்டியிலிருந்து மற்ற ஊருக்குப் போகும் நேரத்தைக் கூட்டி, அவ்விரு ஊர்களின் இடைநேரத்தைக் கழித்தால், இரண்டையும் ஒரே நடையில் முடிப்பதன் மிச்சம் கிடைக்கும். உங்கள் மண்டி கீழே, ஊர்களெல்லாம் மேலே. எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் மிச்சத்தில் பெரும்பங்கு ஒரு மலையேற்றமும் ஓர் இறக்கமும்தான். 3,300 கிலோவுக்கு மூன்று நடை கட்டாயம், எந்தச் சால்வரும் அதைக் குறைக்காது. மேலே ஊர் வரிசையை மாற்றிக் கிடைப்பது அதற்குப் பிறகு வரும் சில்லறை. சரக்கு 2,400-க்குள் நிற்கிற நாளில் இரண்டே வண்டி போதுமா என்று பாருங்கள், லாபம் அங்கேதான்.

செவ்வாய்ப்பேட்டை மிளகு:

வந்துவிட்டது ஐயா! இரண்டு வண்டியின் தடம் அப்பா சொல்லும் தடமேதான். மூன்றாவது மட்டும் கொட்டச்சேட்டில் முடித்துக் குப்பனூர் வழியாக இறங்குகிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு சிக்கல் மிச்சம். அந்த வண்டி கொட்டச்சேட்டுக்கு 12.10-க்குப் போய் 50 நிமிடம் சும்மா நிற்கிறது. ஓட்டுநர் கோபிக்கிறார்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:

காத்திருப்புக்கு நீங்கள் விலை வைக்கவில்லை, இலவசமாகக் கிடைப்பதைச் சால்வர் ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும்? ஒவ்வொரு வண்டியும் புறப்பட்டதிலிருந்து திரும்பும்வரை ஆகும் மொத்த நேரத்துக்கு ஒரு செலவு வையுங்கள், அதற்கென ‘ஸ்பேன் காஸ்ட்’ அமைப்பு இருக்கிறது. வண்டி சேலத்திலிருந்தே தாமதமாகக் கிளம்பும்.

இரண்டாம் கியர்:

தாமதமாகக் கிளம்பினால் பனியும் விலகியிருக்கும். அந்த ஓட்டுநரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவார்.