ஒருநாள் மலாக்கா: கூட்டத்தோடு எல்லை தாண்டியவர்கள் சொல்வது

ஈசூன் வட்டாரம், குடியிருப்பாளர் குழுவில் பயண ஏற்பாடு பார்ப்பவர்:

காலையில் சிங்கப்பூரில் கிளம்பி, மலேசியாவின் மலாக்காவைப் பார்த்துவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும் பயணம். தூரம் சுமார் 240 கிலோமீட்டர்தான். சாலை நல்ல சாலை, நேர வித்தியாசமும் இல்லை. அதனால் எங்கள் வட்டாரத்தில் யாராவது ஒருவர் "இந்தப் பள்ளி விடுமுறைக்கு மலாக்கா போகலாமா?" என்று கேட்டால் உடனே எல்லோரும் கை தூக்கிவிடுவார்கள். கை தூக்கிய எல்லோரையும் ஒரே பேருந்தில் ஏற்றி, எல்லையில் இரண்டு முறை இறக்கி, திரும்ப ஏற்றி, மாலையில் மறுபடியும் அதையே செய்வதுதான் பயணம். மலாக்கா நடுவில் வரும் சில மணி நேரம், அவ்வளவுதான்.

இதைச் சலிப்போடு சொல்லவில்லை. எல்லையைக் கணக்கில் வைத்துத் திட்டம் போட்டால் நாள் நன்றாகவே போகும். ஊரைக் கணக்கில் வைத்துப் போட்டால் கெட்டுப்போகும்.

உட்லண்ட்ஸ் கடற்பாலம் 1924-இல் திறந்தது, துவாஸ் இரண்டாம் இணைப்பு 1998-இல். மலாக்காவுக்கு நான் எப்போதும் துவாஸ் வழியைத்தான் கேட்பேன். ஜொகூர் பாரு நகர நெரிசலுக்குள் நுழையாமல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். ஈசூன்காரர்கள் "உட்லண்ட்ஸ் பக்கத்திலேயே இருக்கிறதே, எதற்குத் தீவின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும்?" என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும். சனிக்கிழமை காலை உட்லண்ட்ஸில் நின்று பார்த்தவர்கள் கேட்பதில்லை.

நாள் எது என்பது அடுத்தது. பொது விடுமுறையை ஒட்டிய வார இறுதி என்றால் நான் ஏற்பாடே செய்வதில்லை. பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாயோ புதனோ கிடைத்தால் அதுதான் வரம். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாமல் போகும், அது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூருக்குத் திரும்பும் கூட்டத்தோடு முதியவர்களை நிற்க வைப்பதைவிட அது மேல். திங்கட்கிழமையும் வேண்டாம், அருங்காட்சியகங்கள் பலவும் அன்று மூடியிருக்கும்.

தாள் வேலையைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுவேன். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்லுமா என்று நானே கையில் வாங்கிப் பார்ப்பேன். "இருக்குக்கா, இருக்கு" என்று வாயால் சொன்னால் கணக்கில்லை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்குத் தேவை. அந்த அட்டையைப் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள்தான் நிரப்ப முடியும் என்பதால், "முன்னாடியே முடிச்சுட்டேன்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயம் வரும். ஒருமுறை துவாஸில் எங்கள் குழுவின் மாமா ஒருவர் வரிசையின் முனைக்குப் போன பிறகுதான் அவர் எதையுமே நிரப்பவில்லை என்று தெரிந்தது. பின்னால் நின்ற, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சீன இளைஞர் தன் கைபேசியிலேயே அவருக்கு நிரப்பிக் கொடுத்தார். பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் எல்லாவற்றையும் மாமா உரக்கப் படித்தார், வரிசை முழுக்கக் கேட்டது. அதிலிருந்து பயணத்துக்கு முந்தைய நாள் மாலை சமூக மன்றத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவருடைய அட்டையையும் கண்ணால் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.

தலை எண்ணுவதற்கு ஒரு வழி. நாற்பது தலையை ஒருவர் எண்ணினால் ஒவ்வொரு முறையும் வேறு எண்தான் வரும். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, "உன் ஜோடி இருக்காங்களா?" என்று மட்டும் கேளுங்கள். கணவன் மனைவியை ஜோடியாகப் போடாதீர்கள். இருவரும் சேர்ந்தேதான் காணாமல் போவார்கள்.

செங்காங், பெற்றோருடன் போனவர்:

ஈசூன் அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலக நண்பர்கள் சில குடும்பமாகப் போனோம். பாதிக் குடும்பங்களில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா இருந்தார்கள். மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை போகலாம் என்ற சலுகை 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருப்பதால், எல்லோரும் அந்தப் பக்கத்தையே பார்த்து நிம்மதியாக இருந்தார்கள். பார்க்க வேண்டியது இந்தப் பக்கத்தை. சுற்றுலா விசாவில் வந்த பெற்றோர் சிங்கப்பூரை விட்டு வெளியே போய்விட்டுத் திரும்பினால், அது புதிதாக உள்ளே வருவதுதான். அவர்களுடைய விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா, திரும்பும் நாளில் செல்லுபடியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் எஸ்ஜி வருகை அட்டையையும் அவர்களுக்கு மறுபடி நிரப்ப வேண்டும். இங்கேயே வசிக்கும் நமக்குத் தரைவழியாகத் திரும்பும்போது அது தேவைப்படாது, அதனால் நமக்கு அந்த நினைப்பே வராது.

திரும்பும்போது துவாஸில் அம்மாவிடம் அதிகாரி, "எங்கே போனீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா தமிழில், "மலாக்கா போனோம்பா, பிள்ளையார் கோயில் பார்த்தோம், வெயில் தாங்கல" என்று முழுக் கதையையும் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டு அனுப்பினார். வீட்டுக்கு வரும்வரை அம்மா கோபுரத்தைப் பற்றிப் பேசவில்லை, அந்தத் தம்பியைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு குறை. எங்களுக்குப் பேருந்து ஏற்பாடு செய்தவர், சொல்லாமல் கொள்ளாமல் வழியில் இரண்டு கடைகளில் நிறுத்தினார். ஒன்றில் வலி நிவாரணத் தைலம், இன்னொன்றில் பிஸ்கட்டும் காப்பித்தூளும். மலாக்காவில் இருக்க வேண்டிய நேரம் அதில் போயிற்று. வாடகை மலிவாக இருந்தால் எங்கெங்கே நிற்கும் என்று எழுதி வாங்குங்கள்.

ஜூரோங் வெஸ்ட், மலாக்காவில் பிறந்து இங்கே மணமாகி வந்தவர்:

எங்கள் ஊரைப் பற்றி நடக்கும் பேச்சு, சும்மா இருக்க முடியவில்லை!

வரும் குழுக்கள் எல்லாம் ஒரே வட்டத்தைத்தான் சுற்றுகின்றன. சிவப்புக் கட்டடச் சதுக்கம், 1753-இல் முடிந்த கிறிஸ்து தேவாலயம், பக்கத்தில் டச்சுக்காரர்களின் பழைய நகர மண்டபமான ஸ்டாட்ஹியூஸ், பாட்டு அலறும் மூன்று சக்கர வண்டி, பாலத்தைத் தாண்டி ஜோங்கர் தெரு. தப்பில்லை. எல்லாம் நடக்கும் தூரத்தில் இருப்பதால் கூட்டத்துக்கு வசதிதான். ஆனால் ஜோங்கர் தெருவுக்கு இணையாக இன்னொரு தெரு ஓடுகிறது. அங்கே 1781-இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், 17-ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில் மூன்றும் சில நிமிட நடையில் வரிசையாக இருக்கின்றன. பள்ளிவாசலின் கூரை கூம்பாக அடுக்கடுக்காக இருக்கும், பகோடா போல ஒரு மினாரா (பாங்கு சொல்லும் கோபுரம்). இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. ஒரு மணி நேரம் இந்தத் தெருவுக்குக் கொடுங்கள். மூன்று சக்கர வண்டியைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பொய்யாத விநாயகர் மலாக்கா செட்டிகளின் கோயில். இவர்களையும் நகரத்தாரையும் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். மலாக்கா செட்டிகள் சுல்தான்கள் காலத்திலிருந்தே இங்கே வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, இந்த ஊரிலேயே ஊறியவர்கள். வீட்டில் பேசுவது மலாய், அதுவும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். பெண்கள் மலாய் பாணியில் சாரோங் கெபாயா (கைலியும் மேல்சட்டையும்) உடுத்துவார்கள். மதம் மட்டும் சைவம், அதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. பொங்கலுக்கு முன் போகியன்று முன்னோருக்குப் படையல் வைப்பார்கள், அந்தப் படையலில் ஞோஞா (சீன மலாய்க் கலப்புச் சமையல்) பலகாரமும் இருக்கும்.

என் சொந்தக்காரர்கள் குழு ஒன்றைக் காஜா பெராங்கில் இருக்கும் செட்டி கிராமத்துக்கு அழைத்துப்போனேன். முத்துமாரியம்மன் கோயில் வாசலில் கெபாயா அணிந்த ஒரு பாட்டி. எங்கள் அத்தை நேராகப் போய், "பாட்டி, நல்லா இருக்கீங்களா?" என்றார். பாட்டி சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார். அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது, நான் இடையில் நின்று மலாயும் தமிழுமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பூசை தொடங்கியது. பாட்டி தேவாரம் பாடினார், முழுப் பதிகம், தடுக்கவே இல்லை. அத்தையும் கூடப் பாடினார், நான்காவது பாட்டுக்கு மேல் அத்தைக்கு வரவில்லை. பாட்டி போய்க்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் நான் தேவைப்படவில்லை, ஏதோ ஒரு மொழியில் சமையல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே சின்ன அருங்காட்சியகமும் உண்டு. பேருந்து நிறைய ஆளோடு திடீரென்று போய் நிற்காதீர்கள். அது மக்கள் குடியிருக்கும் இடம், காட்சிப்பொருள் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டு, சின்னக் குழுக்களாகப் போங்கள். ஏப்ரல் மே வாக்கில் மாரியம்மன் திருவிழா வரும், அம்மை நோயிலிருந்து காத்த தாய்க்காக எடுப்பது. அந்தச் சமயம் வந்தால் கூட்டத்தோடு கூட்டமாக நீங்களும் நிற்கலாம்.

பொங்கோல், தேவாலயக் குழுவோடு போனவர்:

எங்கள் குழுவில் பெரும்பாலோர் தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக் குடும்பங்கள். அதனால் எங்களுக்கு மலாக்கா என்றால் புனித பவுல் குன்றுதான். எங்கள் பக்கத்து முத்துக்குளித்துறையில் 1540-களில் மதப்பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார் பிறகு மலாக்காவுக்கும் வந்து போனவர். 1552-இல் சீனக் கரைக்கு அருகே இறந்த பிறகு, கோவாவுக்குப் போகும் வழியில் அவர் உடலைச் சில மாதம் இந்தக் குன்றின்மேல் இருந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். அந்த இடம் இன்றும் ஆலயத் தரையில் கம்பிக் கூண்டுக்குக் கீழே இருக்கிறது. கூரையில்லாத சுவர்கள்தான் மிச்சம். வெளியே நிற்கும் சிலைக்கு வலக்கை இல்லை. அவருடைய உண்மையான வலக்கை 1614-இல் தனியே எடுக்கப்பட்டு ரோமில் இருக்கிறது என்பதால், சிலையைப் பார்த்ததும் எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள்.

ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒன்று: குன்றுக்குப் படிகள்தான். மூட்டுவலிக்காரர்களை மதிய வெயிலில் ஏற்றாதீர்கள். நாங்கள் போய் இறங்கியதும் முதலில் அதை முடித்தோம். ஏற முடியாத மூன்று பாட்டிகள் கீழே போர்த்துக்கீசியக் கோட்டையில் மிஞ்சிய ஒற்றை வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இறங்கி வருவதற்குள் அங்கே கித்தார் வாசித்துக்கொண்டிருந்த ஒரு முதியவரைப் பழைய எம்.ஜி.ஆர். பாட்டு வாசிக்க வைத்திருந்தார்கள். எப்படிப் புரிய வைத்தார்கள் என்று கேட்டால், "பாடிக் காட்டினோம்" என்றார்கள். மேலே ஏறியவர்களைவிட அவர்களுக்குத்தான் நல்ல நாள்.

தெம்பனிஸ், சைவச் சாப்பாட்டுக்காரர்:

ஞோஞா சமையலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, காய்கறிப் பொரியலில்கூட இருக்கும். "வெஜிடேரியன்" என்று மட்டும் கேட்டால் இறைச்சி இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். பெலாச்சான் உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சைவக்காரர்கள் பாதிப்பேர் இருந்தால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் முன்பதிவு செய்துவிடுவது உத்தமம். மற்றவர்கள் கோழிச்சோற்று உருண்டைக்கு வரிசையில் நிற்கட்டும். செண்டோல் எல்லோருக்கும் பொது. தேங்காய்ப்பாலும் மலாக்காப் பனைவெல்லமும் சேர்ந்த அந்த ஒரு கிண்ணத்துக்காகவே நான் அத்தனை மணி நேரம் பேருந்தில் உட்காருவேன்.

ஈசூன் மறுபடியும்:

ஜோங்கர் இரவுச் சந்தையைப் பார்க்காமல் வருவதா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அது வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில்தான். அதற்காக இருட்டும்வரை நின்றால் நள்ளிரவு தாண்டித்தான் வீடு. ஒரு இரவு தங்குகிறவர்களுக்கு அது சரி. ஒருநாள் பயணத்துக்கு நான் மாலை நான்கு மணிக்குப் பேருந்தை எடுத்துவிடுவேன், இதில் மட்டும் யார் கெஞ்சினாலும் இளகுவதில்லை. வழியில் பாகோ ஓய்விடத்தில் ஒரு நிறுத்தம், எல்லோரும் கழிவறைக்குப் போய் வரட்டும். எல்லை வரிசையில் சிக்கினால் பிறகு வழியில்லை.

பைகளையும் அங்கேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிங்கப்பூருக்குள் வரும்போது சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பெட்டியானாலும் சொல்ல வேண்டும். மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்கும் விலக்கு இல்லை. சுவிங்கம் வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்குப் பொருள்சேவை வரிவிலக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரைதான். பனைவெல்லம் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் டுரியானோடு பேருந்தில் ஏற ஓட்டுநர் விடமாட்டார்.