காட்டுறவா, காடுபுகுந்ததா: பெயர்ச்சீட்டுக்கு இரண்டு சொல்

கண்டியிலிருந்து:

வணக்கம். மலையகப் பயிர்களின் மூலம் பற்றிய கையேட்டுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகையில் ஒரு சிக்கல். நக்கிள்ஸ் மலைக்காட்டில் இரண்டு ஏலம் இருக்கிறது. இரண்டையும் "காட்டு ஏலம்" என்றே எழுதுகிறோம். ஒன்று எலெட்டாரியா என்சால். இலங்கைக்கே உரிய இனம். காய் ஓர் அங்குலத்துக்கு மேல் நீண்டு, விளிம்பெடுத்து, காய்ந்தால் கருத்துப் போகும். மற்றது கடையில் வாங்கும் அதே எலெட்டாரியா கார்டமோமம். காட்டு நிழலில் நட்டுப் பயிரிட்டது, 2000இல் நக்கிள்ஸ் பேணற்காடு ஆனபின் அங்கேயே தங்கிவிட்டது. முதலாவது பயிருக்கு நெருங்கிய, காட்டிலேயே தோன்றிய இனம் என்பதால் "பயிரின் காட்டுறவு" என்று வைக்கலாம். பயிராக இருந்து காட்டுக்குப் போன இரண்டாவதற்கு "காடேறி" சரிவருமா?

பதுளையிலிருந்து:

"காடேறி" வேண்டாம் ஐயா. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எந்தப் பிள்ளையிடமும் சொல்லிப் பாருங்கள். காட்டேரி என்று நினைத்து ஆச்சியின் சேலைக்குள் ஒளியும். "தான்தோன்றி" என்று எழுதுவோரும் உண்டு. அது இன்னும் மோசம்: மூலமே இந்த மண்தான் என்று சொல்லிவிடுகிறது. நாம் மறுக்க வருவது அதைத்தானே?

தோட்டத்து வழக்கில் "காடாப்போன மலை" என்கிறோம். ஆனால் அது நிலத்தைச் சொல்வது. கவ்வாத்து விழாத, அதாவது கிளை வெட்டாத, தேயிலை முப்பதடி மரமாக நின்றாலும், அது யாரோ வைத்த அதே செடிதான். அதன் விதை விழுந்து முளைத்தது அடுத்த தலைமுறை. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லா?

மாத்தளையிலிருந்து:

பதுளை அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. வைத்தவர் போய், வைத்த செடி நிற்பது "கைவிட்ட பயிர்". மனிதர் கை படாமல் தானே பெருகித் தலைமுறை எடுத்தது "காடுபுகுந்த பயிர்". எதுவென்று களத்தில் எப்படிப் பார்ப்பது?

முதலில் வரிசை. நிரை பிடித்து, ஒரே வயதுச் செடிகளாக நின்றால் கைவிட்டது. நாற்று, இளஞ்செடி, காய்ப்பது எல்லாம் கலந்து, நிரையில்லாமல் நின்றால் காடுபுகுந்தது. பிறகு சுற்றுப்புறம்: தூர்ந்த கான் (வடிகால்), கல்லடுக்கு, ஏலம் உலர்த்திய போறணையின் இடிசுவர். இவை கிட்ட இருந்தால் சீட்டில் கட்டாயம் எழுதுங்கள். தேயிலைக்கு இது இன்னும் சுலபம். விதை கனமானது, தானாகத் தூரம் போகாது. தாய்ச்செடிக்குக் கீழ்ச்சரிவில் உருண்டு கிடக்கும். காட்டில் தேயிலைக் கன்று கண்டால் மேலே ஏறிப் பாருங்கள், பழைய தேயிலை மலை இருக்கும்.

ஏலத்தில் வயது பார்ப்பதில் ஒரு பொறி உண்டு. நிலத்தடித் தண்டில் பக்கம் வெடித்துப் பரவுவதால், அகலமான ஒரு புதரில் பத்து மாதிரி எடுத்தாலும் அது ஒரே செடியாக இருக்கலாம். குறைந்தது பத்து மீற்றர் விட்டு அடுத்த புதருக்குப் போக வேண்டும்.

கிழங்கைத் தோண்டி வரவும் கூடாது. இளம் இலையில் நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கி வெளிறிய பச்சைக் கோடு ஓடினால் அது மொசைக் வைரசு. அழுக்கணவன் என்னும் சாறுறிஞ்சும் சிறுபூச்சி பரப்புவது, கிழங்கோடு வரும், விதையோடு வராது. ஆகவே பழுத்த காயை உடைத்து, விதையின் வழுவழுப்புப் போகத் தண்ணீரில் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, உடனே போட வேண்டும். வெயிலில் காயவைத்தும், மாதக்கணக்கில் வைத்திருந்தும் "முளைக்கவில்லை" என்று புலம்பிப் பயனில்லை. வன இலாகா அனுமதியில்லாமல் காய்கூட எடுக்கக்கூடாது என்பது வேறு.

கண்டியிலிருந்து:

ஏற்கிறேன். "காட்டுறவு" என்பதோடு ஓர் எண்ணும் போடலாமா? பயிராய்வாளர்கள் ஹார்லனும் டி வெட்டும் 1971இல், பயிரோடு எவ்வளவு எளிதாகக் கலக்கிறது என்பதை வைத்து உறவினங்களை மூன்று மரபுத்தொகுதியாக வகுத்தார்கள்: பயிரோடு தடையின்றிக் கலப்பது முதலாவது, சிரமப்பட்டுக் கலப்பது இரண்டாவது, ஆய்வுகூட உத்தி இல்லாமல் கலக்காதது மூன்றாவது.

மாத்தளையிலிருந்து:

போடலாம், கலப்புச் சோதனை முடிவு கையில் இருந்தால். உருவம் பார்த்து எண் போட வேண்டாம். என்சாலுக்கு இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள்.

பதுளையிலிருந்து:

கோப்பிக்குத்தான் இந்தப் பிரிப்பு அவசரம். 1869இல் மடுல்சீமையில் இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் கண்டபோது இந்த மலைகளில் நின்ற அரபிக்கா இனக் கோப்பி ஒருசில செடிகளின் வித்திலிருந்தே வந்தது, துருவுக்கு நிற்கவில்லை. ஓடையோரம் இன்று முளைத்து நிற்கும் அரபிக்காவும் பெரும்பாலும் அந்த வழிதான். சீட்டில் "காட்டுக் கோப்பி" என்று கண்டால், காட்டுச்செடி நோய் தாங்கும் என்று நம்பி நாற்றுப் போடுவார்கள். அரபிக்காவின் உண்மையான காட்டு வித்து எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைகளில். நம்முடையது காடுபுகுந்தது, அவ்வளவே.

இன்னொன்று. "காட்டுச் சூரியகாந்தி" காட்டுறவு, காடுபுகுந்தது இரண்டிலும் சேராது. மெக்சிகோ பக்கத்துச் செடி, சூரியகாந்திப் பயிரின் இனமே வேறு. பூ ஒத்திருப்பதால் வந்த பெயர். ஆனால் தழையுரமாகப் புதுப் பயன் அதற்குத்தான். உலர்ந்த இலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு நைதரசன், 4 பங்கு பொற்றாசியம், பொசுபரசு 0.4க்குச் சற்றுக் குறைவு. பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று வைத்தால், நூறு கிலோ தழை சுமந்தால் கிடைப்பது 700 கிராம் நைதரசன். பூக்குமுன் வெட்டி இலையையும் இளந்தண்டையும் மட்டும் போடுங்கள். முற்றின தண்டு ஈரமண்ணில் வேர்விட்டு, தேயிலை நிரைக்குள் அதுவே பயிராகிவிடும்.

கண்டியிலிருந்து:

அப்படியானால் சீட்டில் "காட்டு" என்ற சொல்லைத் தனியே விடமாட்டேன். "ஏலம், காடுபுகுந்தது", "ஏலம், காட்டுறவு (தொகுதி: —)", "கோப்பி, காடுபுகுந்தது" என்று போகும். சூரியகாந்திக்கு ஊர்ப்பெயரை அப்படியே போட்டு, பக்கத்தில் "பெயரொப்பு மட்டும்" என்று குறிக்கிறேன். தேயிலைக்குக் காட்டுறவுக் கட்டமே வேண்டாம். இலங்கையில் அப்படியொன்று இல்லை.